பிறர் வீட்டுப் பிள்ளைக்குத் துணை நிற்றல்

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வதுண்டு. ஊட்டியவருக்குப் புண்ணியம் உண்டு என்பதை அந்தப் பழமொழி உறுதியாகச் சொல்லிவிடுகிறது. ஊட்டப்பெற்ற பிள்ளை பிற்பாடு என்ன ஆயிற்று என்பதை அது விசாரிப்பதில்லை. பரோபகாரத்தைப் பற்றி உலகத்தில் வெகுகாலம் நிலவிவந்த பொது அபிப்பிராயமும் ஏறக்குறைய இதுவேயாகும். பசித்தவனுக்குச் சோறிட்டால் அவன் பசி தீர்ந்ததா என்பதை அப்போதே கண்ணால் காணலாம். ஆனால் வறுமையிலும் குழப்பத்திலும் வளரும் ஒரு சிறுவனுக்கு வாரந்தோறும் வந்து துணையிருக்கும் அந்நியர் ஒருவரால், அல்லது முதற் பிள்ளையைப் பெற்றுத் திகைத்து நிற்கும் ஓர் ஏழைத் தாயின் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகும் ஒரு பெண்மணியால், அந்தச் சிறுவனுக்கும் அந்தத் தாய்க்கும் உண்மையில் விளைந்த நன்மை யாது என்பது பத்து ஆண்டு, இருபது ஆண்டு, சில சமயங்களில் முப்பது ஆண்டு கழித்தே தெரியக்கூடிய காரியம். அவ்வளவு காலம் பொறுத்திருந்து, உதவி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் தேடிப்பிடித்து, ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சிகள் சில உண்டு. அவற்றின் முடிவுகள் தொண்டர்களை உற்சாகப்படுத்துவனவாகவும், அதே அளவுக்கு எச்சரிப்பனவாகவும் இருக்கின்றன.

இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், குற்றம் செய்த சிறுவர்களைப் பெரியவர்களோடு ஒன்றாக நிறுத்தி விசாரிக்கும் கொடுமை அமெரிக்காவில் மெல்ல ஒழிந்துகொண்டிருந்தது. 1899-இல் சிகாகோவில் சிறுவர்களுக்கென்று தனி நீதிமன்றம் ஏற்பட்டது. மற்ற நகரங்கள் அதைப் பின்பற்றின. நியூயார்க்கின் சிறுவர் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்த எர்னெஸ்ட் கூல்ட்டர் என்பவர், தம் மேஜைக்கு முன்னால் நாள்தோறும் வந்து நின்ற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து மனம் நைந்தவர். நீதிபதி தண்டிக்கலாம், மன்னிக்கலாம். ஆனால் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியதும் அந்தப் பையனுக்கென்று ஒரு மனிதரும் இல்லையே என்பது அவருடைய கவலை. 1904 டிசம்பரில் ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஆடவர் சங்கத்தில் அவர் பேசியபோது, ஆளுக்கு ஒரு சிறுவனுக்கு மூத்த சகோதரனாக இருக்க முன்வாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஏறக்குறைய நாற்பது பேர் சம்மதித்தார்கள். பெண்பிள்ளைகளுக்காக இதைப் போன்றதொரு முயற்சி அதே நகரத்தில் அதற்குச் சற்று முன்பே தொடங்கியிருந்தது. ஒன்றையொன்று சாராமல் வளர்ந்த இந்த இரு ஓடைகளும் 1977-இல் கலந்து, பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் என்ற தேசிய ஸ்தாபனமாயின.

கூல்ட்டரின் யோசனை எளிமையானது. அதன் பலமும் அதுவே. பணம் வேண்டாம், கட்டடம் வேண்டாம், ஒரு மனிதர் மற்றொரு மனிதருக்காகத் தம் நேரத்தை ஒதுக்கினால் போதும் என்றது அது. எழுபது, எண்பது ஆண்டுகள் வரை, இந்த யோசனை பலிக்கிறதா என்று கணக்கெடுத்துப் பார்க்க வேண்டும் என்று அந்த இயக்கத்தில் எவருக்கும் அவசரம் தோன்றவில்லை. பையன் சிரிக்கிறான், தாய் கைகூப்புகிறாள், தொண்டர் மனநிறைவோடு வீடு திரும்புகிறார். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

சாட்சி வேண்டும் என்று முதன்முதலில் பிடிவாதமாகக் கேட்டவர், விசேஷமாக, ஒரு வைத்தியர். பாஸ்டன் நகரத்தின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பணிபுரிந்த ரிச்சர்ட் கிளார்க் காபட், நோயாளியின் உடலை மட்டும் பார்த்து மருந்து எழுதிக் கொடுப்பதில் பயனில்லை, அவன் வீட்டையும் தொழிலையும் தெரிந்துகொண்டாலன்றி நோய் தீராது என்று கருதி, 1905-இலேயே மருத்துவமனைக்குள் சமூக சேவகிகளைக் கொண்டுவந்தவர். பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சமூக ஒழுக்கவியல் பேராசிரியராகவும் இருந்தார். குற்றவாளிச் சிறுவர்களைப் பற்றி ஷெல்டன் குளூக், எலனார் குளூக் தம்பதிகள் 1934-இல் வெளியிட்ட ஆராய்ச்சி அவரை உலுக்கியது. நீதிமன்றத்தின் மூலமும் சிகிச்சை நிலையத்தின் மூலமும் சென்ற சிறுவர்களில் மிகப் பெரும்பாலோர் திரும்பவும் குற்றத்தில் இறங்கிவிட்டனர் என்பது அதன் முடிவு. குற்றம் நேர்ந்தபின் திருத்த முயல்வதைக் காட்டிலும், நேர்வதற்கு முன்பே ஒரு நல்ல சிநேகிதனைக் கொடுத்தால் என்ன என்று காபட் சிந்தித்தார். மருந்தைச் சோதிப்பது போலவே நட்பையும் சோதிக்கலாம் என்று அவர் துணிந்தார். மறைந்த தம் மனைவியின் பெயரால் அமைந்த அறநிலையத்தின் பொருளுதவியோடு காரியத்தைத் தொடங்கினார். இந்த வியாசத்தில் நான் அதிக இடம் கொடுக்க விரும்புவது அந்தப் பரிசோதனைக்குத்தான்.

கேம்பிரிட்ஜ், சோமர்வில் என்பன பாஸ்டனை ஒட்டிய இரண்டு நகரங்கள். கேம்பிரிட்ஜ் என்றதும் நமக்கு ஹார்வர்டின் நினைவு வரும். ஆனால் அந்த நாட்களில் அந்நகரின் பெரும்பகுதி தொழிற்சாலைகளும், அவற்றில் உழைத்த ஏழைக் குடும்பங்களின் நெருக்கமான வீடுகளுமாகவே இருந்தது. அங்கே பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். முரடர்கள் என்று பெயரெடுத்தவர்களை மட்டும் எடுத்தால் திட்டத்தில் சேர்வதே ஒரு களங்கமாகிவிடும் என்ற நல்லெண்ணத்தால், சாதாரணப் பிள்ளைகளையும் கலந்தே எடுத்தார்கள். வயது, அறிவு, குடும்பச் சூழ்நிலை, தெருவின் தன்மை, சுபாவம் ஆகியவற்றில் ஒத்தவர்களை இருவர் இருவராக ஜோடி சேர்த்தார்கள். பிறகு ஒரு நாணயத்தைச் சுண்டிப் போட்டார்கள். அந்த நாணயம் விழுந்த பக்கத்தைப் பொறுத்து, ஜோடியில் ஒருவனுக்கு ஆலோசகர் கிடைத்தார். மற்றவன் அதுகாறும் எப்படி வளர்ந்தானோ அப்படியே வளர விடப்பட்டான். கொடிய செயல் என்று தோன்றலாம். எல்லாருக்கும் கொடுக்கப் பொருளும் ஆளும் இல்லாத இடத்தில், யாருக்குக் கொடுப்பது என்பதைச் சிபாரிசுக்கு விடாமல் நாணயத்துக்கு விட்டது நியாயமே என்பது என் கருத்து. அதனாலேயே பின்னால் உண்மை தெரிய வழி பிறந்தது.

ஆலோசகர்களின் உதவி தொடங்குவதற்கு முன்பாகவே, 1939 மே மாதத்தில் காபட் காலமானார். அவர் வகுத்த திட்டப்படியே மற்றவர்கள் காரியத்தை நடத்தினார்கள். ஆலோசகர்கள் சம்பளம் பெற்ற ஊழியர்களே, தன்னார்வத் தொண்டர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் கொடுத்தது எந்தத் தொண்டரும் கொடுக்க விரும்பும் உதவியைத்தான். சராசரியாக மாதத்துக்கு இருமுறை வீட்டுக்கு வந்தார்கள். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். நோய்ப்பட்டவர்களுக்கும் மனக்குழப்பம் உள்ளவர்களுக்கும் வைத்தியம் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். கோடை விடுமுறை முகாம்களுக்கு அனுப்பினார்கள். சாரணர் படையிலும் வாலிபர் சங்கங்களிலும் சேர்த்துவிட்டார்கள். குடும்பத்தில் தொல்லை என்றால் தாயும் தகப்பனும் தங்களைக் கூப்பிடலாம் என்று ஊக்கினார்கள். இடையில் உலகப் போர் மூண்டது. ஆலோசகர்கள் சிலர் போருக்குப் போனார்கள், பிள்ளைகள் கைமாறினார்கள், சுமையைக் குறைக்கும் பொருட்டு 1941-இல் ஒரு பகுதியினர் விடுவிக்கப்பட்டார்கள். கடைசியாக எஞ்சியவை 253 ஜோடிகள், அதாவது 506 சிறுவர்கள். சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நீடித்த இந்த உதவி 1945-இல் நிறுத்தப்பட்டது.

1951-இல் வெளிவந்த முதல் அறிக்கை, இரு சாராருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று கூறியது. பயன் தெரியக் காலம் ஆகும், சற்றுப் பொறுத்திருப்போம் என்றார்கள் அன்பர்கள். ஜோன் மக்கார்ட் என்ற சமூகவியல் அறிஞர் பொறுத்திருந்தார். பிள்ளைகள் நடுத்தர வயதை எட்டிய 1970-களில், நீதிமன்றம், மனநோய் மருத்துவமனை, மரணப் பதிவேடு முதலியவற்றைத் துருவியும் கடிதம் எழுதியும், முப்பது ஆண்டுகளுக்கு முந்திய அந்தச் சிறுவர்களில் பெரும்பாலோரையும் அவர் தேடிக் கண்டுபிடித்தார். 1978-இல் அவர் வெளியிட்ட முடிவு சமூக சேவை உலகத்தைத் திகைக்க வைத்தது. உதவி பெற்றவர்களில் மூன்றில் இரு பங்கினர், அந்தத் திட்டம் தங்களுக்கு நன்மை செய்தது என்று நன்றியோடு சொன்னார்கள். ஆனால் பதிவேடுகள் வேறு கதை சொல்லின. ஒரு குற்றம் செய்தவர்கள் மறுபடியும் குற்றம் செய்வது உதவி பெற்றவர்களிடையே அதிகமாக இருந்தது. குடிப்பழக்கத்தின் அறிகுறிகளும், கடுமையான மனநோயின் அறிகுறிகளும், மன உளைச்சலோடு சம்பந்தப்பட்ட உடல்நோய்களும் அவர்களிடையே அதிகம். அவர்களுடைய உத்தியோக அந்தஸ்து குறைவு. ஏழு அம்சங்களில் உதவி பெறாதவர்களே மேலான நிலையில் இருந்தார்கள். எந்த ஓர் அம்சத்திலும் உதவி பெற்றவர்கள் மேலாக இல்லை.

இதனினும் வேதனையான நுட்பங்கள் பிந்திய ஆராய்ச்சிகளில் வெளிப்பட்டன. உதவி அதிகக் காலம் நீடித்த இடத்திலும், அடிக்கடி கிடைத்த இடத்திலுமே தீங்கு மிகுதியாகக் காணப்பட்டது. ஆலோசகரை வரவேற்று ஒத்துழைத்த குடும்பங்களின் பிள்ளைகளே பாதிக்கப்பட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்ட குடும்பங்களின் பிள்ளைகளிடம் வித்தியாசம் இல்லை. கோடை முகாமுக்கு ஒரு தடவைக்கு மேல் அனுப்பப்பட்டவர்கள் மற்றவர்களைவிடக் கெட்டார்கள்; தொல்லைப் பிள்ளைகளை ஒரே இடத்தில் கூட்டிவைத்தால் அவர்கள் ஒருவருக்கொருவர் குருவாகிவிடுகிறார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். உதவி பெற்றவர்கள் சீக்கிரமாக இறந்தார்கள் என்றும் மக்கார்ட் குறித்திருந்தார். ஆனால் 2019-இல், அந்தச் சிறுவர்களில் பெரும்பாலோர் வாழ்ந்து முடித்தபின் மறுபடியும் கணக்கெடுத்தவர்கள், ஆயுளைப் பொறுத்தமட்டில் இரு சாராருக்கும் வித்தியாசம் இல்லை என்று கண்டார்கள். ஆகவே அந்தப் பகுதியை மட்டும் திருத்திக்கொள்ள வேண்டும். மற்றவை நிற்கின்றன.

ஏன் இப்படி நேர்ந்தது? மக்கார்ட் சில ஊகங்களைச் சொன்னார். ஆலோசகர் இருக்கும்வரை உலகம் தனக்காக வளைந்து கொடுக்கும் என்று பையன் நம்பியிருக்கலாம். அவர் போனபின் அந்த நம்பிக்கை ஏமாற்றமாக மாறியிருக்கலாம். பிறர் துணையின்றித் தன்னால் நிற்க முடியாது என்ற எண்ணம் வேரூன்றியிருக்கலாம். நடுத்தர வகுப்பு ஆலோசகர் போற்றிய பழக்கங்களும், பையன் வாழவேண்டிய தெருவின் பழக்கங்களும் மோதியிருக்கலாம். இவற்றில் எது சரி என்று நிரூபிக்க இன்று வழியில்லை. என் மனத்துக்குப் படுவது இது: ஆலோசகர் வீட்டுக்குள் வந்தார், தொல்லை வந்தபோதெல்லாம் ஓடிவந்தார், யோசிக்கும் பொறுப்பையும் முடிவெடுக்கும் பொறுப்பையும் அறியாமலே தாய் தந்தையரிடமிருந்து தம் கைக்கு வாங்கிக்கொண்டார், பிறகு 1945-இல் ஒரு நாள் வருவதை நிறுத்திவிட்டார். வந்ததும் முழுமையாக வந்தார், போனதும் முழுமையாகப் போனார். அவர் இருந்த இடத்தில் நிற்க வீட்டில் யாரும் பழகியிருக்கவில்லை. இது என் அநுமானமே. எனினும் பிற்காலத்து ஆராய்ச்சிகள் இதற்கு ஓரளவு ஆதரவு தருகின்றன.

கூல்ட்டர் தொடங்கிய இயக்கத்தை அதன் தொண்ணூறாவது ஆண்டை ஒட்டித்தான் உரைகல்லில் இட்டுப் பார்த்தார்கள். எட்டு நகரங்களில் பத்து வயது முதல் பதினாறு வயது வரையுள்ள 959 பிள்ளைகள் விண்ணப்பித்திருந்தனர். பெரும்பாலோர் தாயோ தந்தையோ ஒருவர் மட்டுமே உள்ள வீட்டுப் பிள்ளைகள். சீட்டுக் குலுக்கி எடுத்தது போல ஒரு பாதிக்கு உடனே மூத்த சிநேகிதரைக் கொடுத்தார்கள். மற்றப் பாதியைப் பதினெட்டு மாதம் காத்திருக்கச் செய்தார்கள். 1995-இல் வெளிவந்த முடிவு மகிழ்ச்சி தருவதாக இருந்தது. சிநேகிதர் கிடைத்த பிள்ளைகள் போதைப்பொருள் பழக்கத்தைத் தொடங்குவது 46 சதவீதமும், மதுப்பழக்கத்தைத் தொடங்குவது 27 சதவீதமும் குறைவாக இருந்தது. பள்ளிக்கு மட்டம் போடும் நாட்கள் ஏறக்குறையப் பாதியாயின. இவ்வளவுக்கும் அந்தத் தொண்டர்கள் போதையைப் பற்றியோ மதுவைப் பற்றியோ உபந்நியாசம் செய்தவர்கள் அல்லர். மாதத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு மணி நேரம், பையனோடு பந்து விளையாடினார்கள், கடைத்தெருவுக்குப் போனார்கள், வீட்டில் சமைத்தார்கள், பேசினார்கள், பேசவிட்டுக் கேட்டார்கள்.

இந்தப் புள்ளிவிவரத்தோடு நின்றுவிட்டால், அன்பு வென்றது என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிடலாம். ஆனால் அதே பிள்ளைகளைப் பற்றிய விவரங்களை ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர்கள் மறுபடியும் பிரித்துப் பார்த்தபோது, 2002-இல், இரண்டு விஷயங்கள் தெளிவாயின. ஓர் ஆண்டோ அதற்கு மேலோ சிநேகம் நீடித்த பிள்ளைகளிடமே நன்மைகள் அனைத்தும் பெரும்பாலும் குவிந்திருந்தன. மூன்று மாதத்துக்குள் முறிந்துபோன சிநேகத்துக்கு ஆளான பிள்ளைகளோ, சிநேகிதரே கிடைக்காத பிள்ளைகளைக் காட்டிலும் தம்மைத் தாமே தாழ்வாக மதிக்கத் தொடங்கியிருந்தனர். மேலும், அவ்வாறு சீக்கிரமாக முறிந்த உறவுகள் எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே அளவாக நேரவில்லை; வயது ஏறிய பிள்ளைகளிடமும், அடியும் அவமானமும் பட்டு வளர்ந்த பிள்ளைகளிடமுமே அவை அதிகம். ஏற்கெனவே பெரியவர்களால் வஞ்சிக்கப்பட்ட குழந்தை புதிதாக வரும் பெரியவரை எளிதில் நம்பாது, முகம் கொடுக்காது, சொன்ன நேரத்துக்கு வராது, சில சமயம் வேண்டுமென்றே முரண்டு பிடித்துப் பார்க்கும். ஆவலோடு வந்த தொண்டர் இதைத் தம்மை வெறுக்கும் செயலாக எடுத்துக்கொண்டு பின்வாங்கிவிடுகிறார். யாருக்குத் துணை மிக அவசியமோ அவர்களே இப்படி இரண்டாம் முறையும் கைவிடப்படுகிறார்கள். இதைப் படித்த நாள் முதல், ஆறு வாரப் பயிற்சிக் காலத்தில் ஆசிரமங்களுக்கும் விடுதிகளுக்கும் சென்று பிள்ளைகளோடு ஒட்டி உறவாடிவிட்டு, சான்றிதழ் கிடைத்ததும் மறைந்துபோகும் கல்லூரி மாணவர்களை அனுப்பிவைக்கும் ஏற்பாடுகளை என்னால் மன அமைதியோடு பார்க்க முடிவதில்லை. அந்த மாணவர்களின் மனம் நல்லதே, குற்றம் அவர்களுடையதன்று. பாடம் சொல்லிக் கொடுக்கவோ, நூலகத்தை ஒழுங்கு செய்யவோ குறுகிய காலத்துக்கு வருபவர் வரலாம். உற்றவர் போல உறவாட வருபவர் ஓராண்டுக்காவது வருவேன் என்று வாக்களித்துவிட்டு வரவேண்டும்.

இன்னொரு முடிவு இதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. பிள்ளைகளின் படிப்பிலும் பள்ளி வருகையிலும் ஏற்பட்ட முன்னேற்றம் எந்த வழியாக வந்தது என்பதை ரோட்ஸும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 2000-இல் ஆராய்ந்தார்கள். அந்த வழியில் ஒரு பகுதி பெற்றோரின் மூலமாகச் சென்றது. சிநேகிதர் கிடைத்தபின் பிள்ளைக்கும் தாய்க்கும் இடையே நம்பிக்கை வளர்ந்தது, பொய் குறைந்தது, அதனால் பள்ளிக்கூடத்தின் மேலும் தன்மேலும் பிள்ளைக்கு மதிப்பு கூடியது. தொண்டர் செய்த நன்மை தாயின் கை வழியாகவே பிள்ளைக்குச் சேர்ந்தது என்று இதைச் சொல்லலாம். டேவிட் டுபாய்ஸும் சகாக்களும் 55 மதிப்பீடுகளை ஒன்றுசேர்த்து 2002-இல் எழுதிய ஆய்வும் இதற்கு இசைவாகவே இருக்கிறது. இத்தகைய திட்டங்களின் சராசரிப் பயன் சிறிதே. ஆனால் தொண்டருக்குத் தொடர்ந்து பயிற்சி, எத்தனை முறை வரவேண்டும் என்ற தெளிவான நிபந்தனை, காரியம் எப்படி நடக்கிறது என்ற கண்காணிப்பு, பெற்றோரைச் சேர்த்துக்கொள்வது ஆகியவை உள்ள இடங்களில் பயன் பெரிது. ஆக, தொண்டரின் இருதயத்தைக் காட்டிலும் தொண்டருக்குப் பின்னால் நிற்கும் ஸ்தாபனத்தின் ஒழுங்கைப் பற்றியே நாம் அதிகம் விசாரிக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகளை அணுகும் அந்நியர் யார், எத்தகையவர் என்று தீர விசாரிப்பதும் அந்த ஒழுங்கில் சேர்ந்தது. அதில் தாட்சண்யம் பார்ப்பவர்கள் இந்தக் காரியத்தில் இறங்கவே கூடாது.

பிள்ளையின் நன்மை பெற்றோர் வழியாகச் செல்லுமானால், நேரே பெற்றோரிடமே போனால் என்ன? இந்தக் கேள்வியை, ஆராய்ச்சி எதுவும் இல்லாமல், தம் அநுபவத்தால் கேட்டவர் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தைச் சேர்ந்த மார்கரெட் ஹாரிசன். 1973-இல் அவர் தொடங்கிய ஹோம்-ஸ்டார்ட் என்ற அமைப்பு, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள குடும்பங்களுக்கு வாரம் ஒருமுறை இரண்டு மூன்று மணி நேரம் தொண்டர்களை அனுப்பியது. அந்தத் தொண்டர்கள் நிபுணர்கள் அல்லர்; பெரும்பாலும் பிள்ளை பெற்று வளர்த்த தாய்மார்களே. வீட்டுக்கு வந்து என்ன செய்வார்கள்? ஒரு நாள் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், தாய் குளித்துவிட்டு வரட்டும் என்று. மற்றொரு நாள் வைத்தியசாலைக்கு உடன் போவார்கள். இன்னொரு நாள் சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். பிரசவத்துக்குப் பிறந்த வீடு, ஒத்தாசைக்கு மாமியார், அடுத்த வீட்டு அத்தை என்று வளர்ந்த நமக்கு, இதற்கு ஓர் அமைப்பு எதற்கு என்று தோன்றலாம். கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் ஊரைவிட்டு வந்து, நகரத்தின் ஓரத்தில் ஒற்றை அறையில் கைக்குழந்தையோடு பகலெல்லாம் தனியாக இருக்கும் நம் பெண்களைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

ஹோம்-ஸ்டார்ட்டின் கணக்கு என்ன? வட அயர்லாந்திலும் தென்கிழக்கு இங்கிலாந்திலும் 162 தாய்மார்களை ஒப்பிட்டு 2004-இல் வெளியான ஆய்வில், உதவி பெற்ற தாய்மார்கள் தொண்டர்களை மனமாரப் புகழ்ந்தார்கள். ஆனால் சுமார் பதினொரு மாதம் கழித்து அவர்களும் உதவி பெறாதவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தேறியிருந்தார்கள். நெதர்லாந்தில் நடந்த ஆய்வு, தாய்மார்கள் பிள்ளைகளை நடத்தும் முறையில் முன்னேற்றம் கண்டது. இந்த இரு முடிவுகளையும் வைத்துக்கொண்டு திட்டத்தை ஒரேயடியாகத் தள்ளுவதும் தகாது, கொண்டாடுவதும் தகாது. தனிமையில் வாடும் ஒரு பெண்ணுக்கு வாரத்தில் மூன்று மணி நேரம் துணை கிடைப்பதே ஒரு நன்மை; அதற்கு வேறு பிரயோஜனம் காட்டவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை. ஆனால் அந்த ஆறுதல் பிள்ளையின் வாழ்க்கையை மாற்றிவிடும் என்று சொல்லிப் பொதுப்பணத்தைக் கேட்பவர், அதற்குச் சாட்சி காட்டக் கடமைப்பட்டவர். கேம்பிரிட்ஜ் பிள்ளைகளிலும் மூன்றில் இருவர் நன்றி சொன்னார்கள் என்பதை மறக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் இந்த விஷயம் அண்மையில் மிகப் பெரிய அளவில் சோதனைக்கு வந்தது. கொரோனாக் காலத்தில் பதினெட்டு மாதம் அளவுக்குப் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு, பள்ளி முடிந்த மாலை வேளையில், அவர்கள் குடியிருக்கும் இடத்திலேயே ஒரு தன்னார்வலர் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடாக இருந்தது. அப்போது மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை; சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள்; அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அந்த நாட்களில் ஐந்து மணிக்கு மேல் வகுப்பு நடக்கும் ஒரு தெருவுக்குள் நுழைந்தால், ஒரு திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ மாடி வராந்தாவிலோ பாய் விரித்து இருபது பிள்ளைகள் வரை உட்கார்ந்திருப்பதைக் காண முடிந்தது. மூன்றாம் வகுப்புப் பையன் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பான். ஐந்தாம் வகுப்புப் பெண் தன் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். "அக்கா, முடிச்சிட்டேன், பாருங்க" என்று சிலேட்டை நீட்டும் பிள்ளையின் தாய், வேலையிலிருந்து திரும்பும் வழியில் நின்று, "உங்க பேச்சுக்குத்தாம்மா அடங்குறான், வீட்ல புத்தகத்தையே தொட மாட்டேங்கிறான்" என்று குறைபட்டுக்கொண்டு போவாள். அந்தத் தன்னார்வலரும் அதே தெருவில் அதே குழாயில் தண்ணீர் பிடிப்பவர்தாம்.

கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து பரீட்சித்து, அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூவரும் செய்த ஆய்வு இத்திட்டத்துக்குச் சாதகமாக இருக்கிறது. பள்ளி மூடியதால் ஏற்பட்ட கல்வி இழப்பில் மூன்றில் இரு பங்கு, பள்ளிகள் திறந்த ஆறே மாதத்தில் ஈடு செய்யப்பட்டுவிட்டது. அந்த ஈட்டில் ஏறத்தாழ 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் விளைந்தது என்று அவர்கள் கணக்கிட்டனர். இதற்கு முன் உத்தரப் பிரதேசத்து ஜவுன்பூர் மாவட்டத்தில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு கிராமத்துத் தொண்டர்களைக் கொண்டு நடத்திய வாசிப்பு வகுப்புகளில், வந்த பிள்ளைகள் நன்றாகத் தேறினார்கள், ஆனால் வந்தவர்களே மிகச் சொற்பம். தெருவுக்கே வகுப்பு வந்ததும், அரசாங்கம் முழு மூச்சாக இறங்கியதும் இங்கே அந்தக் குறையைப் பெரிதும் நீக்கின என்று கருதலாம். ஆனாலும் இது முதன்மையாகப் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஏற்பாடு. பெற்றோரைத் துணையாக்கிக்கொள்ளும் முறை அதில் தனியாக வகுக்கப்பட்டதன்று. குறைபட்டுக்கொண்டு போகும் அந்தத் தாயை நிறுத்தி, வீட்டில் பத்து நிமிஷம் அவளே செய்யக்கூடியது என்ன என்று சொல்லிக் கொடுக்க அந்த 'அக்கா'வுக்கு அவகாசமும் பயிற்சியும் கொடுத்திருந்தால், பயன் வேறு விதமாக நீடித்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் இருக்கிறது. அங்கே ஏழைப் பகுதிகளில், 1980-களின் கடைசியில், சமூகத் தாய்மார்கள் என்ற பெயரில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். முதற்பிள்ளை பெற்ற தாயின் வீட்டுக்கு, அதே வட்டாரத்தில் வசிக்கும் அநுபவமுள்ள தாய் ஒருத்தி, குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை மாதம் ஒருமுறை போவாள். இப்படிப்பட்ட பதினைந்து இருபது தாய்மார்களுக்குப் பின்னால் ஒரு செவிலியர் நின்று பயிற்சியும் ஆலோசனையும் கொடுப்பார். போகும் தாய் உபதேசம் செய்யக் கூடாது என்பது விதி. சித்திரக் கதை போல வரையப்பட்ட தாள்களை அவள் எடுத்துச் செல்வாள். குழந்தை அழும்போது என்ன செய்யலாம், என்ன ஊட்டலாம், எப்படி விளையாட்டுக் காட்டலாம் என்று அதில் படங்கள் இருக்கும். இருவரும் அதைப் பார்த்துப் பேசி, அடுத்த மாதத்துக்குள் என்ன செய்வது என்று புதிய தாயே தீர்மானிப்பாள். கேம்பிரிட்ஜ் ஆலோசகர் செய்ததற்கு இது நேர் எதிர். இங்கே வருகிறவள் தீர்வைக் கொண்டு வருவதில்லை. தீர்மானம் வீட்டுக்காரியின் கையிலேயே இருக்கிறது. எப்போது முடியும் என்பதும் முதல் நாளே தெரியும்.

262 தாய்மார்களைக் கொண்டு நடந்த பரிசோதனையின் முடிவு 1993-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. தொண்டர் வந்துபோன வீடுகளில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி தவறாமல் போடப்பட்டிருந்தது அதிகம். நாள்தோறும் வாசித்துக் காட்டுவதும் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதும் அதிகம். தாய்மார்களின் உணவு மேம்பட்டிருந்தது. சோர்வும் துயரமும் குறைவு. ஏழு ஆண்டு கழித்து அந்தக் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கண்டுபிடித்து மறுபடியும் விசாரித்தார்கள். தொண்டர் வந்த வீட்டுப் பிள்ளைகள் நூலகத்துக்கு வாரந்தோறும் போவது அதிகமாக இருந்தது. தாய்மார்கள் வீட்டுப்பாடத்தைப் பார்ப்பதும் அதிகம். பிள்ளையை அடிப்பது சரியல்ல என்று சொன்னவர்களும் அவர்களிடையே அதிகம். அதற்குள் அந்தத் தாய்மார்கள் பலர் வேறு பிள்ளைகளும் பெற்றிருந்தனர். அந்தப் பிள்ளைகளுக்காகத் தொண்டர் யாரும் வந்ததில்லை. ஆயினும் அவர்களுக்கும் தாய்ப்பால் கிடைத்ததும் தடுப்பூசி போடப்பட்டதும், தொண்டரே வராத குடும்பங்களின் பிள்ளைகளைவிட அதிகமாக இருந்தன.